இடது கைப் பக்கம் மூன்றாவது கதவு

அத்தியாயம் ஆறு

"காத்துதான் அடிச்சிருக்கும்," என்றான் வாலு.

காற்றாம்! இலைகூட அசையாத மத்தியான வெயிலில், இரண்டு ஆள் உயரத் தேக்குக் கதவை அடித்துச் சாத்துகிற காற்று எந்த ஊரில் வீசுகிறது? சொன்னவனுக்கே நம்பிக்கை இல்லை. வெளியே சங்கிலி இழுபடுவதும், அதன்மேல் பூட்டு 'டக்'கென்று விழுவதும் காதில் கேட்டன.

"காத்து பூட்டும் போடுமா தம்பி?" என்று அண்ணி கேட்டாள்.

"படிச்ச காத்தா இருக்கும் அண்ணி."

அவன் நாக்கு விளையாடியதே தவிர, கை சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டிருந்தது. ஏழு வயதில் மளிகைக் கடைக் கிடங்கில் ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்டவன் அவன். அன்று முதல் குளியலறைக் கதவைக்கூட முழுசாகச் சாத்த மாட்டான். வீட்டில் இருக்கிறவர்கள்தான் இருமிக்கொண்டே நடமாட வேண்டும்.

அண்ணி கதவில் ஓங்கித் தட்டினாள். "ஐயா! சாவிக்கார ஐயா! உள்ள ஆள் இருக்கோம்!"

"பூட்டு தானா மாட்டிக்கிச்சும்மா," என்று அரண்மனைப் பூட்டுகளுக்குப் பொறுப்பான சாவிக்காரரின் குரல் கதவுக்கு அப்பாலிருந்து தேனொழுக வந்தது. "சாவி ஆபீஸ்ல இருக்கு. இதோ, ஒரே நிமிஷம்."

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. நிமிஷம் ஒன்று போனது, ஐந்து போனது, இருபது போனது. ஆள் வரவில்லை.

அண்ணியைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லிவிட வேண்டும். காணாமல் போனவர், ஓடிப்போனவர், ஒளிந்துகொண்டவர் எல்லாரையும் பதினோரு வருஷமாகத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்கிற துப்பறிவாளர் அவள். அலுவலகம் ஒரு பல் டாக்டரின் மாடியில். கீழே அலறல், மேலே அழுகை என்பான் வாலு. வாலு அவள் புருஷனின் தம்பி, தொழிலில் உதவியாளன். வயது முப்பத்திரண்டு ஆகியும் சின்ன வயதில் ஒட்டிய பட்டப்பெயர் உதிரவில்லை. உதிரும்படி அவனும் நடந்துகொள்ளவில்லை.

மூன்று நாள் லீவில், கோட்டையும் அரண்மனையுமாக நிற்கிற இந்தப் பழைய ஊரைச் சுற்றிப் பார்க்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள். அண்ணன் வரவில்லை. "இடிஞ்ச சுவரு நம்ம வீட்லயே இருக்கே" என்று வீட்டிலேயே தங்கிவிட்டார். கோட்டையைக் காட்ட ஒரு வழிகாட்டியை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்கள். இன்று காலை ஒன்பதுக்கு விடுதி வாசலில் அவர் வந்து நின்றிருக்க வேண்டும். வந்தது அவர் மனைவி.

"அவரால வர முடியல, தப்பா நினைக்காதீங்க," என்றார் அந்த அம்மாள். ஆரம்பப் பள்ளி டீச்சர். சாக்பீஸ் தூள் ஒட்டிய கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார். "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு நாள்கூட சொன்ன நேரத்துக்குப் போகாம இருந்ததில்ல. அதான் சொல்லிட்டுப் போலாம்னு..." விடுதி வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

நேற்றுக் காலை கோட்டைக்குள் போன மனுஷர் திரும்பவில்லை. பதினோரு மணிக்கு அவரிடமிருந்து ஒரு போன். கண்ணாடிக் கூடத்தில், இடது கைப் பக்கம் மூன்றாவது கதவுக்குள் மாட்டிக்கொண்டேன் என்றார். பாதிப் பேச்சிலேயே போன் செத்துவிட்டது. போலீஸ்காரர் இருவரும் கோட்டைக் காவலாளிகளும் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் மராமத்துச் சாமான்கள்தான் இருந்தன. "பெரியவரு எங்கயாவது போயிருப்பாரு, வந்துடுவாரும்மா" என்று சொல்லிவிட்டு, போகும்போது தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்களாம். யாரோ ஒரு சுற்றுலாக்காரியோடு போய்விட்டார் என்று மாலைக்குள் கடைத்தெருவில் கதையும் கட்டியாகிவிட்டது.

அவருக்குச் சர்க்கரை வியாதி. காலை மாலை ஊசி போட வேண்டும். ஊசி போட்டு ஒன்றரை நாள் ஆகிறது. போதாக்குறைக்கு நாளையிலிருந்து பன்னிரண்டு நாள் அரண்மனைக்கு மராமத்து விடுமுறை. இன்று மாலை ஐந்தரைக்குப் பெரிய வாசலைச் சாத்தினால், உள்ளே யார் இருந்தாலும் கேட்க நாதியில்லை.

அந்த உள்ளே இருக்கிற கணக்கில் இப்போது இவர்கள் மூவரும் சேர்ந்துவிட்டார்கள்.

டீச்சர் ஒரு சுண்ணாம்பு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. "என்னால உங்களுக்கும் கஷ்டம்," என்றார்.

"நீங்க வேற டீச்சர்," என்றான் வாலு. "ராணி வீட்டுப் பணிப்பெண்கள் தங்கின அறையாம் இது. இப்படி ஒரு அறையில தங்க எனக்கு இந்த ஜென்மத்துல வாய்ப்பு கிடைக்குமா?"

அறை பதினைந்தடிக்குப் பதினைந்தடி இருக்கும். ஒரு சுவரோரம் சாரக் கம்புகளும் கயிற்றுச் சுருள்களும். ஆளுயரத்துக்கு மேலே கையகலத் துவாரம் ஒன்று. அதன் வழியாக விழுந்த வெயில் துண்டு தரையில் கிடந்தது. சுவரின் கனம் மூன்றடி. தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார்கள். கத்தல் சுவரில் மோதி அவர்கள் காதுக்கே திரும்பி வந்தது.

வாலுவுக்கு முதுகில் வியர்வை ஓடியது. சுவர்கள் ஓர் அங்குலம் உள்ளே நகர்ந்த மாதிரி இருந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட அவன் வாயெடுத்தபோது, அண்ணி அவன் தோளில் கைவைத்தாள்.

"கிடங்கு ஞாபகம் வருதா?"

"ஆமா அண்ணி."

"வரட்டும். வேலை பாத்துக்கிட்டே பயப்படு. போனை எடுத்துக்கிட்டு அந்தக் கம்புக் குவியல் மேல ஏறு. சிக்னல் எத்தனை கோடு?"

ஏறினான். துவாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தான். "கோடா? கோட்டையில கோடே இல்ல அண்ணி."

"டீச்சர், உங்க போன்?"

"சுத்தமா இல்ல."

"என்னோடதும் இல்ல." அண்ணியின் முகத்தில் புன்னகை ஒன்று வந்தது. பூட்டிய அறைக்குள் இருக்கிறவளுக்கு வரக்கூடாத புன்னகை அது. வாலுவுக்கு அவள்மேல் கோபமே வந்தது.

"எதுக்கு சிரிக்கிறீங்க? இதுல சந்தோஷப்பட என்ன இருக்கு?"

"இந்த ரூம்ல சிக்னல் இல்ல. அப்போ டீச்சர் வீட்டுக்காரர் இங்கேருந்து எப்படி போன் பண்ணாரு?"

வாலு கம்புக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"போலீஸ் இந்த அறைய எட்டிப் பாத்துட்டுப் போயிட்டாங்க. உள்ள உக்காந்து போன் அடிச்சுப் பாக்கணும்னு அவங்களுக்குத் தோணல. நம்மள உள்ள போட்டு அடைச்சானே, அதனாலதான் நமக்குத் தெரியுது. அவரு இந்த அறைக்குள்ள வந்ததே இல்ல."

டீச்சர் எழுந்து நின்றார். "ஆனா அவரே சொன்னாரே!"

"என்ன சொன்னாரு? உங்க வார்த்தை வேணாம், அவர் வார்த்தை. அப்படியே ஒப்பிங்க."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னார். "'கண்ணாடிக் கூடம், கூட்டத்தோட உள்ள வரும்போது என் இடது கைப் பக்கம், மூணாவது கதவு. மாட்டிக்கிட்டேன். அவன்...' அவ்வளவுதான். அவன்னு சொன்னதும் போச்சு."

"எவன்னு சொல்றதுக்குள்ள போச்சா! சார்ஜ் போடாத போனும் சமயத்துல உதவாத மச்சானும் ஒண்ணு," என்றான் வாலு.

"எவன்னு நமக்குத்தான் தெரியுமே. பூட்டிட்டுப் போனவன்தான். இப்ப கேள்வி, எங்கேங்கறது." அண்ணி வெயில் துண்டைப் பார்த்தாள். அது தரையிலிருந்து சுவருக்கு ஏறிவிட்டிருந்தது. மணி நாலரை இருக்கும். "டீச்சர், வீட்டுக்காரரப் பத்தி ஏதாவது சொல்லுங்க. வேலையில எப்படி, வீட்ல எப்படி, எதுன்னாலும்."

டீச்சர் யோசித்து யோசித்துச் சொன்னார். கூட்டம் சிதறினால் மூன்று தட்டு கைதட்டுவார். வீட்டிலும் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட அதே கைதட்டல்தான். ஒவ்வொரு கூடத்திலும் தலையை எண்ணுவார். எண்ணி முடித்து, எல்லாரும் இருந்தாலும், "ஒருத்தர் குறையுதே!" என்று பதறுகிற மாதிரி நடிப்பார், கூட்டம் சிரிக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரைக்கூடக் கோட்டைக்குள் தொலைத்ததில்லை.

"கல்யாணமான புதுசுல என்னைக் கூட்டிட்டு வந்து காட்டினாரு," என்று சொல்லும்போது டீச்சரின் குரல் இளகியது. "எனக்குக் கோட்டையே கண்ணுல படல. எங்க விழுந்து வைக்கப் போறாரோன்னு அவரையே பாத்துக்கிட்டு வந்தேன்."

"ஏன், குடிச்சிருந்தாரா?" என்றான் வாலு.

"தம்பி!"

"இல்லங்க," என்றார் டீச்சர். "அவரு நடக்கிற அழகு அப்படி. வழிகாட்டிங்க எல்லாம் அப்படித்தானே நடப்பாங்க?"

"ஓ, அதுவா!" வாலு குவியலிலிருந்து குதித்தான். பயத்தை விரட்ட அவனுக்குத் தெரிந்த ஒரே மருந்து கோமாளித்தனம். இல்லாத கூட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டு, ஒரு கையை உயர்த்தி, பின்பக்கமாகவே நடந்தான். "வாங்க, வாங்க! எல்லாரும் என் முகத்தையே பாத்துக்கிட்டு வாங்க. இதோ என் இடது கைப் பக்கம் இருப்பது மகாராணியார் மூக்கு சிந்திய..."

முதுகு சுவரில் 'தொம்'மென்று மோதியது. சுண்ணாம்பு உதிர்ந்து தலையெல்லாம் வெள்ளை. டீச்சர் அந்த நிலைமையிலும் சிரித்துவிட்டார். அண்ணி சிரிக்கவில்லை.

"அப்படியே நில்லு. கைய இறக்காத."

நின்றான்.

"உன் இடது கை எந்தப் பக்கம் நீட்டியிருக்கு?"

"கம்பு கிடக்கிற பக்கம்."

"நான் உனக்கு எதிர்ல, உன்னைப் பாத்துக்கிட்டு வர்றேன். எனக்கு அது எந்தக் கை?"

வாலு தன் கையைப் பார்த்தான், அண்ணியின் கையைப் பார்த்தான். வாய் தானாகத் திறந்துகொண்டது. "வலது கை."

"இருபத்திரண்டு வருஷமா அந்த மனுஷன் கண்ணாடிக் கூடத்துக்குள்ள முதுகக் காட்டித்தான் நுழைஞ்சிருக்காரு. அவரு இடது கைன்னா, முன்னாடி பாத்து நடக்கிற போலீசுக்கு, காவலாளிக்கு, நமக்கு, எல்லாருக்கும் அது வலது கை. அத்தனை பேரும் எதிர்ச் சுவத்துல தேடியிருக்கோம்."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். "எதிர்லயா? நேர் எதிர்லயா இருக்காரு? இவ்வளவு கிட்டயா?" பிறகு சொன்னார். "நேத்து போலீசோட வந்து, இந்தக் கதவுக்கு முன்னாடிதான் ஒரு மணி நேரம் நின்னு கூப்பிட்டேன். அவருக்கு முதுகக் காட்டிக்கிட்டு நின்னுருக்கேன்."

"வெளிய போயி திரும்பி நிப்போம் டீச்சர்," என்றாள் அண்ணி. "அதுக்கு முன்னாடி, சாவிக்காரர் ஏன் நம்மள அடைச்சாருன்னு யோசிச்சியா தம்பி?"

"என் மூஞ்சி பிடிக்கலையோ?"

"அதேதான். கூடத்துல கண்ணாடி பாத்தப்ப என்ன சொன்ன?"

வாலு நினைவுபடுத்திக்கொண்டான். கூடம் முழுக்கச் சுவரிலும் கூரையிலும் உள்ளங்கையளவு கண்ணாடிகள் பதித்திருந்தார்கள். அவன் ஒவ்வொன்றிலும் தலை சீவிக்கொண்டே வந்தான். "'அண்ணி, இந்தக் கடைசி மூலையில மட்டும் நான் மாப்பிள்ளை மாதிரி இருக்கேன், மத்த இடத்துல எல்லாம் காய்ச்சல்ல படுத்தவன் மாதிரி இருக்கேன்'னேன்."

"பழைய கண்ணாடி ரசம் போயி மங்கலாத்தான் காட்டும். மூலையில மட்டும் ஏன் பளிச்சுன்னு காட்டுது? அது புதுசு. பழசப் பேத்து எடுத்துட்டு, கடையில வாங்கினத ஒட்டி வச்சிருக்கான். 'எப்ப மாத்தினீங்க'ன்னு நான் சும்மாதான் கேட்டேன். அடுத்த நிமிஷம் இந்தக் கதவத் திறந்து, 'உள்ள போயி நல்லா பாருங்கம்மா'ன்னான். தினம் தினம் அந்தக் கண்ணாடியக் காட்டுற வழிகாட்டிக்கு அது தெரியாம போகுமா?"

"ஆக, என் அழகுதான் நம்மள மாட்டி விட்டுச்சு."

"அழகு மாட்டி விடட்டும், உடம்பு வெளிய கொண்டுபோகட்டும். கதவ பாரு."

அண்ணி தரையில் குனிந்து கதவின் ஓரத்தைக் காட்டினாள். அந்தக் காலத்துக் கதவுக்குக் கீல் கிடையாது. கதவுப் பலகையின் மேலும் கீழும் முளை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலைக்கல்லில் தோண்டிய குழிக்குள் நின்று சுழலும். கீழ்க் குடுமியைக் குழியிலிருந்து மேலே தூக்கிவிட்டால், பூட்டு பாட்டுக்குப் பூட்டியிருக்க, கதவு மறுபக்கமாகத் திறந்துகொள்ளும்.

வாலு ஒரு நொடி பார்த்தான். முகம் மலர்ந்தது. "அண்ணி! சாவி அவன் கையில, குடுமி நம்ம கையில!"

சொல்லச் சுலபம். கதவின் கனம் ஒரு காளை மாட்டின் கனம். சாரக் கம்பை அடியில் கொடுத்து, கீழே ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, மூவரும் கம்பின் நுனியில் தொங்கினார்கள். முதல் கம்பு முறிந்தது. இரண்டாவது கம்பில் வாலு ஏறியே உட்கார்ந்தான். "அண்ணன் வீட்டுச் சாப்பாடு இன்னிக்காவது செரிக்கட்டும்" என்று அவன் முனகியபோது, 'கிறீச்'சென்று குடுமி குழியை விட்டு எழும்பிப் படிக்கல்லின்மேல் உட்கார்ந்தது. ஒரு பலகை ஓரமாக வெளியே நகர்ந்தது. அண்ணி நுழைந்தாள், டீச்சர் நுழைந்தார். வாலு பாதியில் மாட்டிக்கொண்டான். மூச்சை அடக்கி, கண்ணை மூடி, கிடங்கை மறந்து வெளியே விழுந்தபோது, கால்சட்டையில் ஒரு சாண் கிழிசல்.

கூடத்தின் காற்று முகத்தில் பட்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. அதை யாரும் பார்க்கும் முன் துடைத்துக்கொண்டான். கண்ணாடிகள் பார்த்திருக்கும்; மங்கலாகத்தான்.

டீச்சர் எதிர்ச்சுவருக்கு ஓடினார். மூன்றாவது கதவு. சங்கிலி, பூட்டு, பூட்டின் மேல் சிவப்பு அரக்கு முத்திரை. ஆறு வருஷமாகத் திறக்காத அறைகள் என்று மத்தியானம் சாவிக்காரர் இந்த வரிசையைத்தான் கைகாட்டியிருந்தார்.

"ஆறு வருஷ அரக்குல ஒரு தூசி இல்ல," என்றாள் அண்ணி. "பக்கத்துப் பூட்டுல எழுதிப் படிக்கலாம் போல தூசி."

டீச்சர் கதவில் அறைந்தார். "நான்தாங்க! காது கேக்குதா?" உள்ளே சத்தமே இல்லை. இன்னொரு முறை அறையக் கையை ஓங்கியபோது அண்ணி பிடித்துக்கொண்டாள். வாசல் படிக்கட்டில் செருப்புச் சத்தம்.

"கதவ நிமித்தி வை!" என்று வாலுவிடம் கிசுகிசுத்தாள். "உன் போனக் குடு."

குழியில் உட்காராத கதவை இருவரும் பழையபடி நிறுத்தினார்கள். சங்கிலி மட்டும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அண்ணி வாலுவின் போனில் அவசரமாக எதையோ திருப்பி, இடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள்.

"அண்ணி, அது புது போன்!"

"உன் உசுரு பழசு. ஓடு."

கண்ணாடிக் கூடத்தில் ஒளிந்துகொள்வது என்பது சந்தைக்கு நடுவில் குளிப்பது மாதிரி. வாலு கடைசி மூலைத் தூணுக்குப் பின்னால் பாய்ந்தான். அண்ணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அங்க புதுக் கண்ணாடி! நூறு வாலுவா பளிச்சுன்னு தெரிவ. இங்க வா, காய்ச்சல் பக்கம்." மூவரும் மங்கிய கண்ணாடிகளின் நடுவே ஒரு தூண் நிழலில் ஒடுங்கினார்கள். சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சுவரில் தெரிந்தது வெறும் புகைதான்.

சாவிக்காரர் வந்தார். கையில் ஒரு கடப்பாரை. இவர்களைப் பூட்டிய கதவை ஒரு பார்வை பார்த்தார், திருப்தி. பிறகு எதிர்க் கதவின் முன்னால் நின்று, குரலைக் குழைத்துப் பேசினார். "அண்ணே! கடைசியா கேக்கறேன். வாசல் சாத்தியாச்சு. உங்களத் தேடி இனி ஒருத்தரும் வர மாட்டாங்க."

அப்போதுதான் அது நடந்தது. இடப்பக்க அறைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் கரகரவென்று அதட்டியது. "டேய்! எந்திரிடா! மணி என்ன ஆச்சு பாரு! எந்திரிடா!"

சாவிக்காரர் துள்ளியே விட்டார். உள்ளே போனவர்கள் மூன்று பேர், அதில் இருவர் பெண்கள். இந்த அதட்டல்காரன் எங்கேயிருந்து முளைத்தான்? அது தினமும் காலையில் வாலுவை எழுப்புவதற்காக அண்ணன் பேசிப் பதிந்து கொடுத்த அலாரம் என்று அவருக்கு எப்படித் தெரியும், பாவம்!

"எந்திரிக்கிறியா, தண்ணி ஊத்தட்டுமா?" என்றது உள்ளே இருந்த அண்ணன் குரல்.

சாவிக்காரர் பதறிக்கொண்டு ஓடினார். சாவியைத் தேடினார், பூட்டைத் திறந்தார், சங்கிலியை உருவினார். அதற்காகவே காத்திருந்த மாதிரி தேக்குக் கதவு அவர்மேல் சாய்ந்தது. கடப்பாரை ஒரு பக்கம் விழுந்தது, சாவிக்கொத்து ஒரு பக்கம். இடுப்புக்குக் கீழே கதவு, மேலே அலறல்.

"வலிக்குதா?" என்று வாலு அவர் தலைமாட்டில் குந்தினான். "ஒரே நிமிஷம். ஆபீஸ்ல போயி ஆள் கூட்டிட்டு வந்துடறேன்."

அண்ணி அதற்குள் சாவிக்கொத்தோடு எதிர்க் கதவுக்குப் போயிருந்தாள். மூன்றாவது சாவி சேர்ந்தது. அரக்கு உடைந்தது, சங்கிலி விழுந்தது. டீச்சர் கதவைப் பிடித்து இழுத்தார்.

கதவு அசையவில்லை.

அண்ணியும் சேர்ந்து இழுத்தாள். வாலுவும் வந்தான். ஊஹூம். அண்ணி இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தாள். இத்தனை நேரத்தில் முதல் முறையாக அவள் முகத்தில் குழப்பம்.

"உள்தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"நான் அவர அடைச்சு வைக்கலம்மா!" கதவுக்கு அடியிலிருந்து சாவிக்காரர் கதறினார். "பேத்தெடுத்த கண்ணாடி எல்லாம் உள்ளதான் இருக்கு. நேத்து அந்த ஆளு அதக் கண்டுபிடிச்சிட்டாரு. நான் வர்றதப் பாத்து, அவரே உள்ள போயி தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாரு. ஒன்றரை நாளா கெஞ்சறேன், திறக்க மாட்டேங்கறாரு. வெளிய பூட்டினதுதான் நானு!"

வாலு கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டான். உள்ளே இருக்கிற மனுஷன் பயந்து ஒளிந்தவர் இல்லை. சுவரிலிருந்து பிய்த்த கண்ணாடிகளை விட்டுக் கொடுக்காமல், அவற்றின்மேல் தாழ்ப்பாள் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஊசி இல்லாமல், சோறு இல்லாமல்.

"நான்தாங்க! திறங்க! போலீஸ் கூப்பிடறோம், பயமில்ல!" டீச்சர் கத்தினார். பதில் இல்லை.

"திறக்க மாட்டாரு," என்று சாவிக்காரர் முனகினார். "பொம்பளைக் குரல்ல நானே ரெண்டு தரம் கூப்பிட்டுப் பாத்தேன். உங்க வீட்டம்மா வந்திருக்காங்கன்னேன். நம்பல."

அண்ணி பல்லைக் கடித்தாள். "டீச்சர், பேசாதீங்க. இனி யார் குரலும் அவருக்குக் குரல் இல்ல. இவனுக்குத் தெரியாதது, உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது?"

டீச்சர் கதவைப் பார்த்தபடி நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வகுப்பில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். மூன்று தட்டுக் கைதட்டினார்.

கண்ணாடிக் கூடம் அந்தக் கைதட்டலைத் திருப்பித் திருப்பிச் சொன்னது.

"எல்லாரும் சாப்பிட வந்தாச்சு," என்றார் டீச்சர். குரல் உடைந்தாலும் நிறுத்தவில்லை. "பெரியவ வந்துட்டா, சின்னவன் வந்துட்டான். ஒருத்தர் குறையுதே! ஒருத்தர் குறையுதே!"

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு உள்ளே ஏதோ தரையில் இழுபட்டது. கண்ணாடி மேல் கண்ணாடி உரசியது. ஒரு கை மரத்தைத் தடவித் தடவித் தேடியது. தாழ்ப்பாள் பாதி நகர்ந்து நின்றது, மறுபடி நகர்ந்தது.

கதவைத் திறந்தபோது வழிகாட்டி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. சட்டைப் பையில் மிட்டாய்த் தாள்கள் நிறைய. கூட்டத்தில் அழுகிற குழந்தைகளுக்காக வைத்திருப்பது. ஜன்னல் மாடத்தில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்த மண்சட்டி, இப்போது காலி. டீச்சர் அவரைத் திட்டினார், அணைத்துக்கொண்டார், மறுபடி திட்டினார். வாலு முதுகைத் திருப்பிக்கொண்டு, அண்ணியின் போனை வாங்கி, அந்த அறை ஜன்னலில் கிடைத்த ஒற்றைக் கோட்டில் போலீசுக்கும் ஆம்புலன்சுக்கும் போன் செய்தான்.

"ஒண்ணுகூட உடையல," என்றார் வழிகாட்டி, உள்ளே கண்ணாடி கட்டி வைத்திருந்த சாக்குகளைக் காட்டி. அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க உடையாம இருந்தீங்களே, அது போதும்," என்றாள் அண்ணி.

அவரால் தனியாக நடக்க முடியவில்லை. டீச்சர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்துக் கூடத்தின் வாசலை நோக்கி நடத்திக்கொண்டு போனார். இருபத்திரண்டு வருஷமாக அவர் மற்றவர்களை நடத்திய விதம் அது.

"படி இருக்கு," என்றார் வழிகாட்டி, மனைவியின் தோளுக்கு மேலாகப் பார்த்து. "பின்னாடி, பாத்து வை."

வாசலில் வெளிச்சம் வந்ததும் அவர் நின்றுவிட்டார். பழக்க தோஷம். விரலை நீட்டி எண்ணினார். டீச்சர் ஒன்று, அண்ணி இரண்டு, கால்சட்டை கிழிந்த வாலு மூன்று. கதவுக்கு அடியில் முனகிக்கொண்டிருந்த ஆளைத் திரும்பிப் பார்த்தார், எண்ணாமல் விட்டார்.

"மூணு பேர். சரியா இருக்கு."

"நாலு," என்றார் டீச்சர். "இத்தனை வருஷத்துல ஒரு தடவையாவது உங்களைச் சேர்த்து எண்ணியிருக்கீங்களா? நாலு பேர்."

அவர் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நாலு," என்றார் மெதுவாக.